மைனஸ் 7.25 பவர்: ஒரு கிளினிக் லேசர் செய்யலாம் என்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. யாரை நம்புவது? (கோலாலம்பூர்)

செந்தூல்_கவி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே கண்ணாடி வந்துவிட்டது. இப்போது வலது கண் மைனஸ் 7.25, சிலிண்டர் (கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர்) 1.25. இடது மைனஸ் 6.50, சிலிண்டர் 1. ஓராண்டுக்கு மேலாகப் பவர் மாறவில்லை. கணக்காய்வு அலுவலகத்தில் வேலை, நாள் முழுக்கக் கணினி, தலைக்கு மேலே ஏர்கோன். வெளியே போகும்போது கான்டாக்ட் லென்ஸ்.

அடுத்த ஆண்டு ஆவணியில் கல்யாணம். "மணமேடையில கண்ணாடியோட உக்காரப் போறியா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். எனக்கும் ஆசைதான். ராத்திரி எழுந்தால் கண்ணாடியைத் தேடாமல் சுவர்க் கடிகாரம் பார்க்க வேண்டும், நீச்சல் குளத்தில் யார் யார் என்று தெரிய வேண்டும்.

கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரைப் போக்கும் லேசிக்குக்காக இரண்டு இடம் போனேன். முதல் இடத்தில், "கருவிழி கொஞ்சம் மெலிசுதான், ஆனா லேசிக் செய்யலாம். ரெண்டு கண்ணுக்கும் 5,800 வெள்ளி, இந்த மாசம் மட்டும்தான் இந்த விலை, முன்பணம் கட்டிடுங்க" என்றார்கள். இரண்டாவது இடத்தில் லேசிக்கே வேண்டாம், கண்ணுக்குள் ஐசிஎல் லென்ஸ் வைக்கலாம், 16,000 வெள்ளி பக்கம் ஆகும் என்றார்கள். விலை உயர்ந்ததை விற்கப் பார்க்கிறார்களா, உண்மையிலேயே ஆபத்தா? செய்தவர்கள், செய்யாதவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_குமரன்

செய்யுங்க சிஸ்டர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில தூசி படாத சுத்த அறை வேலை. தலையிலிருந்து கால்வரை உடுப்பு, முகக்கவசம், அதுக்கு மேல பாதுகாப்புக் கண்ணாடி, உள்ளே என் கண்ணாடி. மூச்சு விட்டாலே ஆவி படியும். துடைக்கணும்னா வெளியே வந்து எல்லாத்தையும் கழற்றிப் போடணும். லேசிக் செஞ்ச மறுநாள் காலையில பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போது தூரத்துக் கப்பல் பேர் வரைக்கும் படிச்சேன், அழுகையே வந்துருச்சு. கண் உலர்ச்சி அது இதுன்னு எதுவும் இல்ல. முதல் சில மாசம் சொட்டு மருந்து போட்டேன், அவ்வளவுதான். எனக்கு மைனஸ் 3.50தான் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

பிரிக்பீல்ட்ஸ்_மாலதி

குமரன் தம்பிக்கு நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். என் கதை வேறு. எனக்கும் லேசிக்தான், பவரும் பூஜ்யத்துக்கு வந்தது, சுவரில் உள்ள எழுத்து அட்டையின் கடைசி வரி வரை படித்துவிடுவேன். காகிதத்தில் பார்த்தால் வெற்றிகரமான சிகிச்சை. ஆனால் மதியம் ஆனதும் கண்ணில் மணல் போட்ட மாதிரி இருக்கும். சொட்டு மருந்து இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. இரவில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் தெரியும். இரண்டாம் ஆண்டில்தான் இதெல்லாம் தணிந்தது.

எனக்கு முன்பே கண் உலர்ந்துதான் இருந்திருக்கிறது. அதைச் சோதித்து யாரும் சொல்லவில்லை. கவி, நீ ஏர்கோனுக்குக் கீழே உட்காருகிறாய், லென்ஸும் போடுகிறாய். சாயங்காலம் கண் சிவக்குமா? லென்ஸைக் கழற்றும்போது ஒட்டிக்கொண்டு வருமா? முதலில் அதைச் சொல்.

ஒளியியல்_வேலு

நான் பார்வைப் பரிசோதகர், ஆப்டிக்கல் சட்டம் 1991இன் கீழ்ப் பதிவு பெற்றவன். அறுவை செய்பவன் இல்லை, எந்த கிளினிக்குக்கும் ஆள் அனுப்புவதும் இல்லை. கவி கேட்ட கேள்விக்குக் கணக்கில்தான் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கருவிழியின் நடுப்பகுதி பெரும்பாலோருக்கு 540 மைக்ரான் பக்கம் இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம். லேசிக்கில் முதலில் 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மெல்லிய மூடி வெட்டித் திறப்பார்கள். அதற்குக் கீழே உள்ள திசுவில்தான் லேசர் செதுக்கும். ஆறரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு பவருக்குத் தோராயமாக 14 மைக்ரான் போகும். எல்லாம் முடிந்தபின் அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இப்போது கவனமாக இருப்பவர்கள் 300 கேட்கிறார்கள்.

குமரன் தம்பியின் கணக்கைப் பாருங்கள். மூன்றரைப் பவருக்கு 49 மைக்ரான். தடிமன் 540 என்று வைத்தால் 540இல் 110உம் 49உம் போக 381 மிச்சம். தாராளம். அவருக்கு நன்றாக அமைந்ததில் வியப்பில்லை.

கவிக்கு வலது கண்ணில் பவரும் சிலிண்டரும் சேர்த்து 8.50. அதற்கு 119 மைக்ரான் செதுக்க வேண்டும். தடிமன் எவ்வளவு என்று எழுதவில்லையே? முதல் இடத்தில் "மெலிசு" என்றார்கள் என்றால் 500ஐ ஒட்டி இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் மிச்சம் 270 பக்கம்தான். பழைய விதிப்படி தேறும், புதிய விதிப்படி தேறாது. இன்னொரு அளவுகோலும் உண்டு: மூடியும் செதுக்கலும் சேர்த்து மொத்தத் தடிமனில் 40 விழுக்காட்டைத் தாண்டினால் கருவிழி பிற்காலத்தில் பலவீனமாகி முன்னே பிதுங்கும் ஆபத்து கூடுகிறது. கவிக்கு அது 45ஐத் தாண்டுகிறது. ஆகவே இரண்டு கிளினிக்கும் பொய் சொல்லவில்லை. ஒன்று கோட்டின் ஓரத்தில் நடக்கத் தயாராக இருக்கிறது, இன்னொன்று தயாராக இல்லை. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் மதிப்பேன்.

ஒரு கேள்வி: முதல் இடத்தில் அளப்பதற்கு முன் எத்தனை நாள் கான்டாக்ட் லென்ஸ் போடாமல் இருந்தீர்கள்?

செந்தூல்_கவி

முந்தின நாள் வரை போட்டிருந்தேன் அண்ணே. அவர்கள் கேட்கவே இல்லை. இரண்டாவது இடத்தில்தான் பத்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே தந்த தாளில் வலது 498, இடது 503 என்று இருக்கிறது.

மாலதி அக்கா, ஆமாம், சாயங்காலம் சிவக்கும். லென்ஸ் ஒட்டிக்கொள்வதும் உண்டு. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஒளியியல்_வேலு

மென் லென்ஸ் என்றால் ஒன்று அல்லது இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் அதிகம் நிறுத்த வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும். அந்த நிலையில் எடுத்த வரைபடத்தை நம்பி அறுவை செய்யக்கூடாது. இதைக் கேட்காத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். சலுகை இந்த மாதம் முடிந்தால் முடியட்டும்.

ஜாலான்_ஈப்போ_ராஜு

நான் ஒன்னு கேக்குறேன். கண் டாக்டர்கள்ல பாதிப்பேர் கண்ணாடி போட்டுத்தானே உக்காந்திருக்காங்க? அவ்வளவு நல்லதா இருந்தா அவங்களே ஏன் செஞ்சுக்கல? லேசர்னா சூடு. கண்ணைச் சுட்டுட்டு அப்புறம் என்ன வந்தாலும் திருப்ப முடியாது.

பினாங்கு_ஆசிரியர்

ராஜு, நான் இயற்பியல் ஆசிரியர். உங்கள் அச்சம் புரிகிறது, ஆனால் இந்த லேசர் சுடுவதில்லை. இது திசுவைக் கருக்காமல் வெட்டும் என்று கண்டறிந்த மூவரில் ஒருவர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவருடன் சேர்ந்து, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெட்டிய ஓரம் கருகவே இல்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதா ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பை நேரடியாக அறுத்துவிடுகிறது. பக்கத்துத் திசுவுக்குச் சூடு அவ்வளவாகப் பரவுவதில்லை. இதற்காக மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது, அதிபர் ஒபாமா கையால். நம்மவர் ஒருவரின் மூளை இதன் பின்னால் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் "திருப்ப முடியாது" என்று சொன்னீர்களே, அது முழுக்கச் சரி. செதுக்கிய திசு மறுபடி வளராது. கவி நிதானமாக யோசிக்க அந்த ஒரு காரணமே போதும்.

ஒளியியல்_வேலு

டாக்டர்கள் கண்ணாடி போடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வயது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கி அதைத் தடுக்க முடியாது. செய்துகொண்ட டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

கிள்ளான்_சரவணன்

வெள்ளெழுத்து என்றதும் கேட்கிறேன். எனக்கு 44 வயது, மைனஸ் 2. கோலாலம்பூரில் ஓர் இடத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். செய்யலாமா அண்ணே?

ஒளியியல்_வேலு

சரவணன், இப்போது செய்தித்தாள் படிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பீர்கள், சரிதானே? மைனஸ் 2 உங்களுக்கு அந்த வசதியைத் தருகிறது. லேசரில் அதைப் பூஜ்யமாக்கினால் தூரம் தெளியும், மறுநாளிலிருந்து கைப்பேசிக்கும் உணவுக்கடைப் பட்டியலுக்கும் கண்ணாடி வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை உண்டு. எல்லாருக்கும் ஒத்துவராது. செய்வதற்கு முன் அதே மாதிரி கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் வாழ்ந்து பாருங்கள்.

கிள்ளான்_சரவணன்

கழற்றிவிட்டுத்தான் படிக்கிறேன். அங்கே இதை யாரும் சொல்லவில்லை. மிக்க நன்றி அண்ணே.

தேவி_செபராங்_ஜெயா

கவி, நானும் எழுதவேண்டும் என்று தோன்றியது. எனக்கு "முடியாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் திரும்பும்போது முழுக்க அழுதேன். கருவிழி வரைபடத்தில் கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரி எழும்பத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். கெரட்டோகோனஸ். எனக்கு எந்த அறிகுறியும் கிடையாது, சிலிண்டர் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. சின்ன வயதிலிருந்து கண்ணைக் கசக்கும் பழக்கம், அலர்ஜி. இங்கிலாந்தில் எடுத்த ஆய்வுகளில் வெள்ளையர்களைவிடத் தெற்காசிய வம்சாவளியினரிடம் இது பல மடங்கு அதிகம் என்று என் டாக்டர் சொன்னார். நம் ஆட்கள் வரைபடம் எடுக்காமல் லேசிக் பக்கமே போகக்கூடாது என்பதற்கு அதுவே காரணம் என்றார்.

ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டி உறுதிப்படுத்தும் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் நகரவில்லை. அன்று யாராவது "செய்யலாம்" என்று சொல்லி மூடியை வெட்டியிருந்தால் என் கருவிழி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. வேண்டாம் என்று சொல்கிற டாக்டரைச் சந்தேகப்படாதே கவி. அவர்கள் அறுவைக் கட்டணத்தை விட்டுக்கொடுத்துத்தான் உனக்கு அதைச் சொல்கிறார்கள்.

செந்தூல்_கவி

தேவி அக்கா, படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் வரைபடத்தில் கூம்பு எதுவும் இல்லை என்று இரண்டாவது இடத்தில் சொன்னார்கள்.

வேலு அண்ணே, மூடி வெட்டாமல் செய்யும் பிஆர்கே, ஸ்மைல் பற்றிச் சொல்லுங்களேன். ஐசிஎல் பற்றியும். கண்ணுக்குள் ஒரு பொருளை வைப்பது என்றாலே பயமாக இருக்கிறது.

ஒளியியல்_வேலு

பிஆர்கேயில் மூடி கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரே செதுக்குவார்கள். உங்களைப் போல மெல்லிய கருவிழிக்கு அது லேசிக்கைவிடப் பாதுகாப்பு. ஆனால் முதல் மூன்று நான்கு நாள் நல்ல வலி, கண்ணீர், வெளிச்சம் ஆகாது. பார்வை முழுதாகத் தெளிய வாரக்கணக்கு ஆகும். உங்கள் அளவு பவருக்குக் கருவிழி மங்கல் விழும் வாய்ப்பும் உண்டு, அதைத் தடுக்க மருந்து வைப்பார்கள், பல மாதம் வெயிலில் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

ஸ்மைலில் சிறு துளை வழியாக உள்ளே ஒரு திசுத் தகட்டை வெட்டி உருவி எடுப்பார்கள். நரம்புகள் குறைவாக அறுபடும், அதனால் உலர்ச்சி பொதுவாகக் குறைவு. ஆனால் திசு போவது போவதுதான். மெல்லிய கருவிழிப் பிரச்சினையை அது தீர்ப்பதில்லை.

ஐசிஎல்லில் கருவிழியைச் செதுக்குவதே இல்லை. கருமணிக்குப் பின்னால், நம் இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸை மடித்து வைப்பார்கள். சிலிண்டரையும் அதிலேயே சரிசெய்யலாம். பிற்காலத்தில் தேவைப்பட்டால் எடுத்துவிடலாம். ஆனால் கண்ணின் முன்னறைக்குப் போதிய ஆழம் வேண்டும், அளவு பிசகினால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரை சீக்கிரம் வரலாம், ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். கண்ணுக்குள் செய்யும் அறுவை என்பதால் தொற்று வந்தால் அதன் கடுமையும் அதிகம், அது அரிது என்றாலும். பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தை அப்படியே டாக்டரிடம் கேள்வியாகக் கேளுங்கள்.

எதைச் செய்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். மைனஸ் 7 என்றால் கண் கோளம் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி போனாலும் கோளம் நீண்டபடிதான் இருக்கும். விழித்திரை கிழியும் ஆபத்து குறையாது. திடீரென்று பூச்சி பறப்பது போலவோ மின்னல் வெட்டுவது போலவோ தெரிந்தால் அன்றே ஓட வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_மாலதி

உலர்ச்சியைப் பற்றி எண்ணிக்கையும் இருக்கிறது கவி. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பங்கெடுத்த பிரௌல் ஆய்வில், முன்பு உலர்கண் அறிகுறியே இல்லாதவர்களில் 28 விழுக்காடு வரை லேசிக்குக்குப் பின் மூன்றாம் மாதத்தில் அது இருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒருசேர உண்மை. எனக்கும் பார்வை திருப்திதான், கண்தான் எரிந்தது.

கல்யாணப் பேச்சையும் விடமாட்டேன். உன்னைக் கட்டப் போகிறவர் கண்ணாடியோடுதானே உன்னைப் பார்த்தார்? மணமேடைக்காக ஒரு நாள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள். இன்னொன்று, கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பவர் மாறலாம், அப்போது லேசர் செய்யமாட்டார்கள். ஆகவே கல்யாணத் தேதியைவிட, பிள்ளை எப்போது என்று நீங்கள் இருவரும் பேசுவதுதான் இந்த முடிவுக்கு முக்கியம்.

பத்துமலை_அடியேன்

எனக்கும் ஒரு கேள்வி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். 272 படி ஏறும்போது வேர்வையும் பன்னீரும் விபூதியும் சேர்ந்து கண்ணாடியில் ஒண்ணுமே தெரியாது. லேசர் செய்தால் எத்தனை நாள் கழித்து எடுக்கலாம்?

ஒளியியல்_வேலு

காவடிக்குப் பல மாதம் முன்பே செய்துவிடுங்கள், தைப்பூசத்துக்கு முன்னால் அவசரமாக வேண்டாம். முதல் வாரம் கண்ணில் தண்ணீரே படக்கூடாது, தலைக்கு ஊற்றிக் குளிக்கக் கூடாது. விபூதியைத் தலையில் தூவிக்கொள்வதும் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் உதிர்வதும் ஆகாது. ஆற்றில், குளத்தில் முழுகுவதை ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் முதலில் அது கட்டுக்குள் இருக்க வேண்டும். நம்மவர்களிடம் அது அதிகம் என்பதால் கேட்டுவிடுகிறேன்.

லேசிக் மூடி முன்போல ஒருபோதும் முழுதாக ஒட்டாது. கூட்டத்தில் யாராவது முழங்கையால் கண்ணில் இடித்துவிட்டால் பல ஆண்டு கழித்துக்கூட மூடி நகர்ந்ததுண்டு. காவடி, சிலம்பம், காற்பந்து என்று இருப்பவர்கள் மூடி வெட்டாத முறையைக் கேளுங்கள்.

பட்டர்வொர்த்_குமரன்

காசு விஷயம்: என் மருத்துவக் காப்புறுதி அட்டை லேசிக்கை ஏத்துக்கல, அழகுக்காகச் செய்யறதுன்னு எழுதிட்டாங்க. நிறுவனக் காப்புறுதி எதுவானாலும் கேட்டுட்டு நம்புங்க. 2024 மே மாசத்திலிருந்து இபிஎப் சேமநிதியில நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கே, அதுல உள்ளதை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். என் தங்கச்சி அப்படித்தான் சேர்த்துட்டு இருக்கா. கடன் அட்டைல தவணை போட்டு அவசரமாச் செய்யாதீங்க.

வேலு அண்ணன் கணக்கைப் படிச்சேன். நான் முதல்ல "செய்யுங்க"ன்னு எழுதினது என் கண்ணுக்குப் பொருந்தும். உங்க கண்ணுக்கு உங்க தாள்தான்.

செந்தூல்_கவி

எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். லென்ஸை நிறுத்திவிட்டு மூன்றாவதாக ஒரு நிபுணரிடம் போனேன். அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வலது 499, வரைபடம் சீர். லேசிக் வேண்டாம் என்று அவரும் சொன்னார். கண்ணீர்ப் படலம் நான்கு விநாடியில் உடைகிறதாம், பத்து விநாடியாவது தாங்க வேண்டுமாம். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றன. வெந்நீர் ஒத்தடம், இமைச் சுத்தம், சொட்டு மருந்து, லென்ஸைக் குறைப்பது என்று தொடங்கியிருக்கிறோம். கண் தேறிய பிறகுதான் ஐசிஎல்லுக்கு முன்னறை ஆழம் அளப்பது பற்றிப் பேச்சு.

டாக்டர் திரையில் வரைபடத்தைக் காட்டி விளக்கியபோது அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "கண்ணாடியோடயே உக்காரு, நல்ல ஃபிரேமா வாங்கலாம்" என்றார். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் மெல்லிய கண்ணாடி வில்லைக்குச் சொல்லியிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் எதுவும் செய்யப்போவதில்லை.

ஒளியியல்_வேலு

நல்ல முடிவு தங்கச்சி. வில்லை 1.67 அல்லது 1.74 ஒளிவிலகல் குறியீட்டில் (எண் கூடக்கூட வில்லை மெலியும்) கேளுங்கள், ஃபிரேம் சிறியதாக, முகத்துக்கு நடுவில் உட்காரும்படி இருக்கட்டும், ஓரம் தடிக்காது. மூன்று இடத்து அளவுத் தாள்களையும் வரைபடத்தையும் பத்திரமாக வையுங்கள். எப்போதாவது கருவிழியில் லேசர் செய்துகொண்டால், பிற்காலத்தில் கண்புரை லென்ஸுக்குப் பவர் கணிக்கவும் கண்ணழுத்தத்தைச் சரியாக மதிப்பிடவும் செதுக்குவதற்கு முந்தைய எண்கள் வேண்டும். இப்போதே கைப்பேசியில் படம் எடுத்து அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

செந்தூல்_கவி

அனுப்பிவிட்டேன் அண்ணே. மாலதி அக்கா, உங்களுக்கு எந்தச் சொட்டு மருந்து ஒத்துக்கொண்டது? பாதுகாப்புப் பொருள் சேர்க்காத சிறு குப்பிதான் நல்லது என்றார் டாக்டர்.

பிரிக்பீல்ட்ஸ்_மாலதி

அதுதான், ஒரு தடவை உடைத்துப் போடுகிற சிறு குப்பி. பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், உன் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்கு. மேசைக்கு மேலே இருக்கிற ஏர்கோன் காற்றை வேறு பக்கம் திருப்பச் சொல்லி நாளைக்கே அலுவலகத்தில் கேள்.